நான் திரும்ப வாங்கிய பிராது

1967ஆம் வருடம் ஆடி மாதத்தில் முதல் முறையாக எனக்கு இருமலோடு ரத்தம் வந்தது. மகனுக்கு அப்போது ஆறு மாதம். காசநோய் என்றார் மருத்துவர். குழந்தை என் பக்கமே வரக் கூடாது என்றார்.

என் கணவர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைச் சூளையில் வேலை பார்த்தார். அவருடைய தங்கை சரோஜா, பிள்ளை இல்லாதவள், மகனை மங்கலம்பேட்டைக்குத் தூக்கிப் போனாள். மாதம் ஒரு முறை அழைத்து வருவாள். நான் பின்கட்டு அறையிலிருந்து பார்ப்பேன். அவன் வாசற்படிக்கு வெளியே அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். 1968 ஆனியில் அவளை "அம்மா" என்றான். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவள் நான். அந்த நாளையும் எழுதி வைத்தேன்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். குறையைக் காகிதத்தில் எழுதி, அவர் பாதத்தில் வைத்து, வேலில் கட்ட வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வரும். ஆவணி இரண்டாம் வெள்ளி போனேன். நோயின் மேல் எழுதத்தான் நினைத்திருந்தேன். யார் மேல் பிராது என்ற இடத்தில் பேனா நின்றது. சரோஜாவின் பெயரை எழுதினேன். அவள் மகனைத் தூக்கிப் போன நாள், அவன் அவளை அம்மா என்ற நாள், எல்லாவற்றையும் எழுதினேன். கணவரிடம் காட்டவில்லை.

மருந்தை ஒரு நாளும் விடவில்லை. ஐப்பசிக் கடைசியில் சளியில் கிருமி இல்லை என்றார்கள். அழுதேன். பிராது கட்டிய எண்பத்து நான்காம் நாள், கார்த்திகை முதல் வெள்ளி, சரோஜாவின் கணவர் மகனைத் தூக்கி வந்தார்.

"சரோஜா வரலியா?"

"அவளுக்கு இருமலு அக்கா. ரத்தமா வருது. புள்ளய நீங்களே வெச்சுக்கச் சொல்லிட்டா."

நான் கேட்டது கைக்கு வந்துவிட்டது. நோய் எப்படிப் பரவும் என்று படித்திருக்கிறேன். ஆனால் நான் எழுதிய பெயரும் எனக்குத் தெரியுமே. மகன் இரண்டு நாள் வாசலைப் பார்த்து "அம்மா, அம்மா" என்று அழுதான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் கோயிலுக்கு ஓடினேன். வேலில் கட்டிய காகிதங்கள் காற்றில் படபடத்தன. யாரோ ஒவ்வொன்றாகப் புரட்டிப் படிப்பதுபோல் இருந்தது. பிராதைத் திரும்ப வாங்க, வழக்கை விட்டுவிடுகிறேன் என்று ராஜினாமா எழுதித் தர வேண்டும். "சரோஜா மேல் எனக்கு வழக்கு இல்லை. குற்றம் என்னுடையது. அவள் பிழைக்க வேண்டும். பிள்ளை அவளுக்கும் பிள்ளை" என்று எழுதினேன்.

அவளை என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். நான் படுத்திருந்த அதே அறை. இப்போது அவள் உள்ளே இருந்து பார்த்தாள். மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எம்மேலயா அண்ணி?" என்றாள். சிரித்தாள். "தேதியெல்லாம் போட்டிருப்பீங்களே!" பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "உப்பே இல்ல அண்ணி. இதுக்கு நான் ஒரு பிராது எழுதட்டுமா?"

அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. 1970 தையில் அவளுக்கும் நோய் தீர்ந்தது என்றார்கள். மகன் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே ஓடினான்.

இப்போது 1977. விடுமுறை முழுவதும் அவன் மங்கலம்பேட்டையில்தான். இருவரையும் அம்மா என்கிறான். அவன் கூப்பிட்டால் இருவரும் திரும்புகிறோம். அந்தப் பழைய பிராது என் பெட்டியில் இருக்கிறது. எரிக்கத் துணிவில்லை. சரோஜா இருமினால் இன்றும் என்னை அறியாமல் நாள் எண்ணுகிறேன்.

குறை உள்ளவர்கள் தயங்காமல் அவரிடம் போங்கள். அவர் கைவிடமாட்டார். எழுதியதை ஒரு வரி விடாமல் வாசிப்பார். அதனால்தான் சொல்கிறேன், பெயர் எழுதும் இடத்தில் மட்டும் பேனாவைச் சற்று நிறுத்துங்கள்.