அந்தம்மா டேபிள்

ராஜபாளையத்துல நான் சப்ளையரா இருந்த ஹோட்டல்ல ஆளுக்கு நாலு டேபிள். என் டேபிள் நாலும் ஃபேனுக்குக் கீழ, நல்லாக் காத்து வரும். ஆனா சாப்பிட வாரவுக என்ன பண்ணுவாக தெரியுமா? காலியாக் கெடக்குற என் டேபிளைப் பாத்துட்டு, "இல்லம்மா, அந்தம்மா டேபிள் காலியாகட்டும்"னு ஓரமா நிப்பாக. அந்தம்மான்னா என்கூட வேலை பாத்தவ. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ, அக்கான்னுதான் கூப்பிடுவேன். பத்திக்கிட்டு வரும் எனக்கு.

அப்படி என்னத்தப் பண்ணுதான்னு பாத்தேன். ஒண்ணும் பண்ணல. "இன்னைக்கு வத்தக்குழம்பு நல்லாருக்கு சார், கொஞ்சம் சோத்த அதுக்கு ஒதுக்கி வைங்க"ம்பா. அதே குழம்புதான் என் வாளியிலயும் இருக்கு. நானும் ஒருநாள் அதையே சொல்லிப் பாத்தேன். அந்தாளு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "ஏன், சாம்பார் கெட்டுப்போச்சா?"ன்னாரு.

பொறவு முதலாளி டேபிளை மாத்திவிட்டாரு. எனக்கு அவ டேபிள், அவளுக்கு என்னோடது. மறுநாள் சனம் பூராவும் ஃபேனுக்குக் கீழ போய் உக்காந்துக்கிருச்சு.

அந்தச் சமயத்துலதான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல புதுசா ஒரு கிளை தொறக்கப் போறதாப் பேச்சு வந்துச்சு. அங்க கல்லாவுல உக்கார எங்க ரெண்டு பேர்ல ஒருத்திய அனுப்பணும். எனக்கு வீடும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான், மடவார் வளாகம். தெனம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, ஹோட்டல்ல நின்னு, திரும்ப நின்னுக்கிட்டே போவேன். கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு நீலமாக் கெடக்கு, நிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எனக்கு அந்த நாற்காலி வேணும். அவளுக்குக் குடுத்துருவாகன்னு நெனச்சு நெனச்சே சோறு எறங்கல. அவ சிரிச்சா எரிச்சல், சும்மா இருந்தா அதுக்கும் எரிச்சல்.

கடைசில எனக்குத்தான் கெடச்சுது. கல்லாவுல உக்காந்த மொத நாளே முதலாளி வந்து, "அந்தப் பிள்ளைகிட்டதான் மொதல்ல கேட்டேன், மாட்டேன்னுருச்சு"ன்னாரு, பேச்சோட பேச்சா.

அன்னைக்கே அவளுக்குப் போன் போட்டேன். "என் கால் வலிக்காக விட்டுக்குடுத்தியாக்கா?"ன்னு கேட்டேன்.

"ஒனக்குக் கால் வலியா? எனக்குத் தெரியவே தெரியாதேட்டி. உக்காந்து காசு வாங்கிப் போட்டுக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்கு நாலு பேருக்கு எலை போட்டு எடுத்து வச்சாத்தான் அன்னைக்குப் பொழுது போன மாதிரி இருக்கு."

விட்டுக்குடுத்தேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும். இப்ப கால் வலி கொறஞ்சுதான் இருக்கு. ஆனா ஒரு வேலைய இம்புட்டுப் பிடிச்சுச் செய்ய எனக்கு ஒருநாளும் வாய்க்கலையேன்னு, அவளை நெனச்சா இன்னமும் வயிறு எரியுது.