நடு எழுத்து இரட்டிக்கும் வேலை

என் கணவர் சஜன் ஷார்ஜாவுக்குப் போய் ஐந்தாண்டுகள் ஆகின்றன. காய்கறி மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறார் என்பது அவர் சொன்னது; பாறசாலையில் எங்கள் உறவினர் அறிந்ததும் அதுவே. குடும்ப விசா கிடைத்ததும் நானும் போவதாக ஏற்பாடு. ஒவ்வோர் ஆண்டும் அது மறு ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. நான் அனுப்பிய திருமணச் சான்றிதழின் நகல்களும் கூரியர் ரசீதுகளும் தேதிவாரியாக என்னிடம் உள்ளன.

ஊரில் அவருக்கு வேலை கிடைக்காமல் இல்லை. சந்தையில் சுமட்டுத் தொழிலாளர் சங்கத்தில் ஓர் இடம் காலியானபோது ராஜையா அண்ணன் வீடு தேடி வந்து அழைத்தார்.

"பி.காம் படிச்சது சாக்கு தூக்கவா அண்ணே?" என்றார் இவர்.

"நீ என்ன படிச்சேன்னு சாக்குக்குத் தெரியாதுலே," என்று ராஜையா சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இவரால் பொறுக்க முடியவில்லை. அவ்வாண்டே விமானம் ஏறினார்.

காத்திருந்த காலத்தில் நான் அரபி கற்றேன். ஆசிரியர் இல்லை. அடுத்த வீட்டு நர்ஸ் ஜின்சி விட்டுச்சென்ற பழைய பாடப்புத்தகமும் கைப்பேசியும்தான். பேசிப் பார்க்கவும் ஆளில்லை. அடுப்படியில் நின்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அம்மொழியில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்கள் வேர். 'கபஸ' என்றால் ரொட்டி சுட்டான். நடு எழுத்தை இரட்டித்து, அதையடுத்த உயிரை நீட்டினால் 'கப்பாஸ்': ரொட்டி சுடுவதையே பிழைப்பாகக் கொண்டவன். நம் மொழியில் 'ஓடு' என்பது 'ஓட்டு' என்று இரட்டித்தால், ஓடுவது வேறொன்றாகிவிடுகிறது. அங்கே இரட்டித்தால் வேலை ஆளோடு ஒட்டிக்கொள்கிறது.

எழுத்தருக்கு 'காதிப்'. அது முதலெழுத்தை நீட்டும் வேறோர் அச்சு. அதே அச்சில் 'ஹாமில்' என்றால் சுமப்பவள், கர்ப்பிணி. நர்ஸுகளுக்கான புத்தகம் என்பதால் அச்சொல் முதல் பாடத்திலேயே இருந்தது. எனக்காக அதைச் சொல்லும் தேவை வரவில்லை.

சென்ற ஓணத்துக்கு மறுநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குப் பின்னால் யாரோ, "யா ஹம்மால்," என்று கூப்பிட்டார்கள். அவர் சட்டென்று திரும்பினார். உடனே, "நெட் சரியில்ல, பிறகு கூப்பிடுதேன்," என்று துண்டித்தார்.

அச்சொல் என் புத்தகத்தில் இல்லை. தேடவும் வேண்டியிருக்கவில்லை. ஹ, ம, ல: சுமத்தல். நடு எழுத்து இரட்டித்திருந்தது.

வேறு யாரையோ அழைத்திருக்கலாம் என்று சில நாள் எண்ணிப் பார்த்தேன். ஆனால் திரும்பியவர் அவர். மூட்டை சுமப்பவரின் சம்பளத்தில் மனைவியை அழைத்துக்கொள்ள முடியாது என்பதை விசா விதிகளில் முன்பே படித்திருந்தேன். அன்று அது எனக்குரிய விதியாகத் தோன்றவில்லை.

மறு ஞாயிறு அவர் அழைத்தபோது, "அமரவிளை எபின் வியாழக்கிழமை அங்க வாறான். முறிவெண்ணெய் குடுத்து விடட்டா?" என்று கேட்டேன்.

"கணக்கெழுதுதவனுக்கு முறிவெண்ணெய் எதுக்கு?"

"இருந்து எழுதினாலும் முதுகு நோவும்லா."

அவர் திரையிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டார். சுவரும் ஒரு சட்டையின் கையும் மட்டும் தெரிந்தன.

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல. படிச்சேன்."

பிறகு, "ஒரு குப்பி போதாது லேகா. ரெண்டு குடுத்து விடு, வலிய குப்பியா," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது. அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டேன்.

"நெய்யாற்றின்கரையில துணிக்கடைக்கு ஆளு எடுக்காவ. நான் போவட்டா?"

வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், விசா இப்போ வந்துரும், பிறகு எதுக்கு என்று தடுத்து வந்தவர் அவர்.

"போ," என்றார்.