முகப்பைப் பார்த்துக் கொடுத்த சான்று

குடும்ப வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் காசநோய் ஆஸ்பத்திரியில் இலவசப் படுக்கை உண்டு என்பது விதி. குடியிருக்கும் வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது மனப்பாடம். சான்று எழுத வேண்டிய கணக்குப்பிள்ளை அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில், நெற்குப்பையில் என் எதிர்வீட்டில் ஓர் ஆசாரி இருந்தார். எதிர்வீடு என்றால் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. சொந்தக்காரர்கள் மதராஸில். ஆசாரியும் மனைவியும் பின்கட்டில் ஓர் அறையில் இருந்து அதைக் காவல் பார்த்தார்கள். வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. அந்த அம்மாளுக்கு இருமலில் இரத்தம் வந்தது. உடனே சேர்க்க வேண்டும், வருமானச் சான்றோடு வரட்டும் என்றார் டாக்டர்.

விசாரணைக்கு வந்த கணக்குப்பிள்ளை முகப்பைத் தாண்டவில்லை. தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல இருந்துக்கிட்டு ஏழைன்னு எழுதச் சொல்றீகளே ஆசாரி, என் வேலையில்ல போயிரும்."

"தூணு என்னோடது இல்லீங்கய்யா. பின்னாடி வந்து அடுப்பப் பாருங்க."

"அங்குட்டு எதுக்கு? இங்குட்டே தெரியுதுல்ல."

விதியைக் குறிப்பிட்டு, ஆசாரி பேரில் கலெக்டருக்கு மேல்முறையீடு எழுதினேன். கலெக்டர் ஆபீஸ் தாலுகாவிடம் விளக்கம் கேட்டது. தாலுகா கணக்குப்பிள்ளையிடம் கேட்டது. அவர் தூணைப் பற்றி இன்னும் விரிவாக எழுதினார்.

அம்மாள் எழுந்து நடக்க முடியாமல் போனதும் ஆசாரி காத்திருக்கவில்லை. அதே வீட்டுக் கொல்லையில் பனையோலைக் குடிசை ஒன்று போட்டார். கைவேலை சுத்தமாக அமைந்துவிடவே, ஏழ்மை போதவில்லை என்று கூரையில் நாலு ஓலையைப் பிய்த்தும் விட்டார். ஐப்பசி மழையில் மனைவியை அதற்குள் படுக்க வைத்தார். கணக்குப்பிள்ளை மறுபடி வந்தார், குனிந்து உள்ளே பார்த்தார்.

"இப்பத்தான் ஆசாரி ஒழுங்கா இருக்கு" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். வீட்டு நம்பர் மாறவில்லை. ஆசாரியின் வரும்படியும் மாறவில்லை. உண்மைக்குக் கிடைக்காத படுக்கை ஒழுகல் கூரைக்குக் கிடைத்தது. நாட்டின் ஆரோக்கியம் இப்படித்தான் சமமாகப் பங்கிடப்பட்டது.

ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து அம்மாள் பிழைத்துத் திரும்பினார். வருமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும், வீட்டைப் பார்க்கலாகாது, மனுதாரர் மனைவியை உடனே சேர்க்கலாம் என்று என் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது, அதற்கடுத்த தைப்பூசத்தன்று.