சிவப்புத் தரையில் ஒரு குழி

வீட்டுத் தரகு என்பது ஒரே வீட்டைப் பத்துப் பேருக்குக் காட்டி, பத்துப் பேரிடமும் குறை கேட்கிற தொழில். வாடகை வீடு தேடி அலைந்த புண்ணியவான்களே, உங்களுக்கு முன்னால் நடந்து என் செருப்பும்தான் தேய்ந்தது.

போர்டு நகர்

அறுபதுகளின் கடைசியில், செவிலிமேட்டுப் பக்கம் வேர்க்கடலை விளைந்த நிலத்தில் 'நகர்' என்று ஒரு போர்டு நட்டார்கள். அதை நம்பி முதலில் வீடு கட்டியவர், தாலுகா ஆபீசில் ரிடையரான வேதாசலம். ஒட்டினாற்போல் இரண்டு வீடு. ஒன்றில் அவரும் மனைவி கமலாம்மாவும். இன்னொன்றுக்கு ஆள் பிடிப்பது என் பாடு. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த அந்த அம்மாவுக்கு, இங்கே பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. பொங்கலுக்குள் பக்கத்து வீட்டுக்கு யாரும் வராவிட்டால் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். வேதாசலம் ஆடிப்போயிருந்தார்.

முதலில் ஒரு வாத்தியார் குடும்பத்தைக் கூட்டிப்போனேன். கிணறு, கரண்டு, காற்று என்று எல்லாவற்றையும் புகழ்ந்தேன். வாத்தியார் மனைவி நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீடு நல்லாத்தான் இருக்குது. ஊரு எங்கப்பா?"

கோணல்

அடுத்து வந்தவர் நெசவாளர் ஏகாம்பரம். சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்குத்து பார்க்கிறார் போலிருக்கிறது என்று, அந்தத் தோஷமெல்லாம் கிடையாது எனச் சத்தியம் செய்தேன். அவர் கவலை வேறு. தறியில் ஏற்றுவதற்கு முன், பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டித்தானே பாவு ஒழுங்கு செய்ய வேண்டும். "வீடு கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுதுபா. தெரு கோணலா இருக்கக்கூடாது."

கடப்பாறை

தெரு தேறிவிட்டது. கூடத்தில் தறி போட, காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்கத் தரையில் ஒரு குழி வெட்ட வேண்டும் என்றார் ஏகாம்பரம். வேதாசலத்துக்கு முகம் விழுந்துவிட்டது. முகம் பார்க்கிற அளவுக்கு, கூடவே நின்று தேய்க்க வைத்த சிவப்பு சிமெண்ட் தரை அது. அதில் கடப்பாறை படக்கூடாது என்றார். ஏகாம்பரம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெருமுனைவரை போய்விட்டார். நானும் செருப்பைத் தேடினேன்.

கேட்டுக்கொண்டு நின்ற கமலாம்மா கொல்லைக்குப் போனார். கடப்பாறையை இழுத்துக்கொண்டு வந்து கணவர் கையில் கொடுத்தார்.

"அவர கூப்புடுங்க. எங்க வெட்டணும்னு அவரு காட்டட்டும், நீங்க வெட்டுங்க. தறிச் சத்தம் கேட்டுக்கினு இருந்தா நான் எங்கயும் போவ மாட்டேன்."

நான் முடித்துக் கொடுத்த வீடுகளில், ஒரு தரையை உடைத்து இரண்டு குடித்தனம் நிலைத்தது அது ஒன்றுதான்.