மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இலவசம்

மகன் கல்யாணம் முடிந்து தனி வீட்டுக்குக் குடிபோன மறுமாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"ஒரு தடவை கப்பல்ல போயிட்டு வரலாமாங்க? மூணு நாள் போதும்."

அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் ஒரு கட்டடத்தில், பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் பதினோரு வருடமாகப் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். மதியம் சாப்பிடும் அறையில் ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டாம். கப்பல் வந்து நிற்பதும், பெட்டியை இழுத்துக்கொண்டு ஆட்கள் ஏறுவதும் அதில் தெரியுமாம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம். இத்தனை வருடத்தில் இதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள்.

எங்களுக்குத் தேனிலவு என்று ஒன்று நடக்கவில்லை. கல்யாணமான வாரத்தில் பொது விடுமுறை வந்தது. அன்றைக்கு வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்று நான் லிஃப்ட் பழுது பார்க்கப் போய்விட்டேன். பிடோக்கில் எங்கள் மூவறை வீட்டில் அப்பா, அம்மா, தங்கை, நாங்கள். பிறகு மகன். வெளியூர் போனாலும் அப்படித்தான். மலாக்காவுக்கு வேன் பிடித்தால் பதினோரு பேர் உட்காரலாம் என்று தெரிந்த பிறகு, பத்துப் பேரோடு கிளம்ப எனக்கு மனசு வராது. ஆளைத் தேடிப் பிடித்து ஏற்றுவேன். அப்பாவும் அம்மாவும் காலமாகி, தங்கை மார்சிலிங்குக்குப் போய், மகனும் போன பிறகுதான் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் என்று ஆனது.

சரி, போகலாம் என்று உடனே சொன்னேன். அதில் பொய் இல்லை. விலை மட்டும் பார்த்துவிடுகிறேன் என்று சேர்த்துச் சொன்னேன். அங்கேதான் பிடித்தது சனி.

நான் விலை பார்க்கிறவன். தேக்கா சந்தையில் கத்தரிக்காய்க்கு மூன்று கடை ஏறி இறங்குவேன். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று தங்கை என்னைக் கேலி செய்வாள். ஆனாலும் கத்தரிக்காயில் எனக்கு ஒரு தெளிவு இருந்தது. கிலோ என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் ஒரு விலை சொல்வார். கப்பலில் அப்படி யாரும் சொல்லவில்லை.

போனில் மூன்று கம்பெனிகளைப் பிடித்துக்கொண்டேன். முதல் கம்பெனி, எங்கள் ஊர் டாலரில் தலைக்கு இருநூற்றுச் சொச்சம் வெள்ளி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. விரலால் தொட்டு உள்ளே போனால் துறைமுகக் கட்டணம், வரி, சிப்பந்திகளுக்கு டிப்ஸ் என்று ஒவ்வொன்றாக ஏறி இரண்டு மடங்காகிவிட்டது. நகைக்கடையில் கிராம் விலையைச் சொல்லிவிட்டு, செய்கூலியையும் சேதாரத்தையும் கடைசியில் நீட்டுவார்களே, அந்த மாதிரி. இரண்டாவது கம்பெனி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்றது. அந்த எல்லாவற்றிலும் டிப்ஸ் சேராது என்பதைப் பொடி எழுத்தில் நாலாவது பக்கத்தில் கண்டுபிடித்தேன். மூன்றாவது கம்பெனி இரண்டாவது ஆளுக்குப் பாதி விலை என்றது. ஆனால் முதல் ஆளுக்கு அவர்கள் போட்டிருந்த முழு விலையில் மற்றக் கப்பல்களில் ஏறக்குறைய இரண்டு பேர் போய்வந்துவிடலாம்.

போட்டி வியாபாரம்தானே, ஒருவன் குறைத்தால் மற்றவனும் குறைப்பான் என்று காத்திருந்தேன். குறைக்கவும் செய்தார்கள். குறைத்த விலை நான் முதல் நாள் பார்த்த விலையைவிட அதிகமாக இருந்தது. அதை எப்படிக் குறைத்ததாகச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது ஒன்று, தேநீர் குடிக்கும்போது ஒன்று. என் போன்தான் என்னை வேவு பார்த்து விலையை ஏற்றுகிறது என்று சந்தேகப்பட்டு மனைவியின் போனை வாங்கித் தட்டினேன். அதில் பதினாறு வெள்ளி கூடக் காட்டியது. வங்கி அட்டைக்குத் தள்ளுபடி, வாரநாளில் கிளம்பினால் தள்ளுபடி, வயதானவர் கூட வந்தால் தள்ளுபடி. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

நாள்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினேன். ஒரு கட்டத்தை நிரப்புவதற்குள் பக்கத்துக் கட்டம் பழையதாகிவிடும். எப்போது போகிறோம் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அந்தத் தாளைத்தான் காட்டினேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஒருநாள் சொன்னேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அவள் பதிலுக்குச் சொல்லிவிட்டு, குளிர்பெட்டியைக் கொஞ்சம் அழுத்தியே சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கப்பல் வியாபாரத்தின் சிக்கல் அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. கடைசியில், கம்ப்யூட்டரை நம்பிப் பயனில்லை, மனிதரைக் கேட்போம் என்று லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். மாடியில் ஒரு சின்னப் பயணக் கடை. திருச்சிக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடுகிறவர். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து இங்கே வியாபாரம். மகன் படிக்கும் காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். கப்பலும் போடுகிறேன் என்று உட்காரச் சொன்னார்.

"எத்தனை பேருண்ணே?" என்று கேட்டார்.

"எத்தனை பேருன்னா மலிவு, பாய்?" என்றேன்.

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி திரையைப் பார்த்தார். ஒரு கம்பெனியில் அந்த மாதம் ஒரு சலுகை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே அறையில் தங்கினால் மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் கட்டணம் கிடையாது, துறைமுகச் செலவு மட்டும் கட்டினால் போதும். நாலால் வகுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் நான் பார்த்த விலைகளிலேயே அதுதான் குறைவு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தக் கண்டுபிடிப்பை மனைவியிடம் சொன்னேன். இரண்டு டிக்கெட் சும்மா கிடக்கிறது, இன்னும் இரண்டு பேர் மட்டும் சேர்ந்தால் நாளைக்கே போட்டுவிடுவேன் என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"நாளைக்கேவா?" என்றாள்.

நாளைக்கே என்றேன். அவள் மறுபடி கரண்டியை எடுத்தாள்.

நாலு நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். கப்பல் போகிறீர்களாமே, நானும் மகளும் வருகிறோம் என்றாள். விவாகரத்துக்குப் பிறகு அவளும் பாலிடெக்னிக்கில் படிக்கும் அந்தப் பெண்ணும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேடாமலே ஆள் வந்து அமைந்துவிட்டது. மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், நல்லதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டது அவள், நடக்கப்போவதும் அவள் கேட்டது, அப்புறம் ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. வயதுக் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்படி நினைத்ததற்கு இப்போது கூசுகிறது.

சனிக்கிழமை நாலு பேருமாகக் கடவுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். அவர் திரையைத் திருப்பி அறையின் படத்தைக் காட்டினார். கீழே இரண்டு பேர் படுக்கும் கட்டில். மேலே கூரையிலிருந்து இறக்குகிற மாதிரி இரண்டு ஒற்றைக் கட்டில்கள், ஏணி வைத்து ஏற வேண்டும். முட்டிவலியோடு தன்னால் ஏற முடியாது என்று தங்கை சொன்னாள். "நான் டாப் பங்க், மாமா, ஓகேலா," என்றாள் தங்கை மகளான மருமகள், போனிலிருந்து தலையைத் தூக்காமல். ஆக, மனைவியும் தங்கையும் கீழே, நானும் மருமகளும் மேலே என்று முடிவானது. மனைவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் கிடையாதா என்று மட்டும் பாயிடம் கேட்டாள். பாய் வாயைத் திறப்பதற்குள், சன்னலுக்குத் தலைக்கு எவ்வளவு தெரியுமா என்று நான் குறுக்கே விழுந்தேன்.

பணம் கட்டும் நேரத்தில் அட்டை இயந்திரம் அடம் பிடித்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு மணிநேரம் கழித்து வாருங்கள், விலையைப் பிடித்து வைக்கிறேன் என்றார் பாய். தேக்கா சந்தைக்கு வந்தோம். சாப்பிட்டு முடித்ததும் மனைவி பூ வாங்கப் புறப்பட்டாள், மருமகளும் கூடப் போனாள். தங்கையும் நானும் பால் சேர்க்காத தே ஓ தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எப்படி என் சாமர்த்தியம், ஆளுக்கு ஆள் எவ்வளவு மிச்சம் பார் என்று நான் ஆரம்பித்தேன். தங்கை கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணே, எனக்கு பஸ்ல போனாலே தலை சுத்தும். கப்பல்ல போகணும்னு நானா ஆசைப்பட்டேன்? அண்ணிதான் ரெண்டு தடவ போன் பண்ணாங்க. நாலு பேர் சேர்ந்தாதான் உங்கண்ணன் டிக்கெட் போடுவாரு, இல்லன்னா பாத்துக்கிட்டேதான் இருப்பாரு, எனக்காக வாம்மா, வாந்தி மாத்திரையெல்லாம் நான் வாங்கித் தரேன்னு கெஞ்சுனாங்க. அண்ணி கெஞ்சி நான் கேட்டதே இல்லண்ணே. அவங்களுக்கு எங்களோட போகணும்னா ஆசை?"

எத்தனை பயணிகள் என்று போனில் கேட்கும் கட்டத்தில் இந்த இரண்டு மாதத்தில் மூன்று போட்டிருக்கிறேன், நாலு போட்டிருக்கிறேன், வயதானவர் ஒருவரைக் கற்பனையில் சேர்த்துக்கூடப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்குத்தான் விலை அதிகம் என்று முதல் வாரத்திலேயே அதைக் கைவிட்டுவிட்டேன். மனைவி கேட்டதே அந்த இரண்டைத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் விட்டுக்கொடுத்து, கூட்டத்தோடாவது போய்வருவோம் என்று அவளே ஆள் சேர்த்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒருவரிடமும் சொல்லாமல் பாய் கடைக்குத் திரும்பிப் போய் மாடி ஏறினேன். இரண்டு பேருக்கு மட்டும் போடுங்கள், கடல் தெரிகிற மாதிரி அறை வேண்டும் என்றேன். பாய் விலையைப் பார்த்துவிட்டு எனக்காகப் பரிதாபப்பட்டார். இரண்டு பேர் என்றால் தலைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு, கடல் தெரிகிற அறை என்றால் அதற்கும் மேல். அடுத்த வாரம் வேறொரு கம்பெனி சலுகை அறிவிக்கப்போகிறதாம், பொறுத்துப் பார்க்கலாமே என்றார். அட்டையை நீட்டிய கை ஒரு நிமிடம் நின்றது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அடுத்த வாரம் என்ற சொல் கேட்டால் எனக்கு இன்றும் வாய் ஊறும். பிறகு கட்டிவிட்டேன்.

சந்தைக்குத் திரும்பி வந்தபோது தங்கையும் மருமகளும் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டிக்கெட் போடவில்லை என்று தங்கையின் காதோரம் சொன்னேன். அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மனைவி மல்லிகையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். டிக்கெட் போட்டாயிற்று என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். உங்கள் தங்கைக்கு வாந்தி மாத்திரை வாங்கணும், மருந்துக்கடைக்குப் போய்விட்டுப் போகலாம் என்று நடக்க ஆரம்பித்தாள்.

"அவங்க வரல," என்றேன்.

அவள் நின்றாள். "அப்ப வேற யாரு வர்றாங்க?"

"யாரும் இல்ல. நாம ரெண்டு பேருதான்."

நான் சொன்னதை அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். விலையைத்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன், என்ன பொய் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"மூணு நாளும் நாம ரெண்டு பேரு மட்டுமா?" என்றாள். "என்னங்க பேசிக்குவோம்?"

கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.