முதுகுக்குப் பின்னால் ஒரு தொட்டி

போன வாரம் திருவொற்றியூரில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். வரவேற்பறையில் புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர், மணல், கல் எல்லாம் இருந்தது. மீன் மட்டும் இல்லை. அடியில் ஒற்றை இறால் அழுகிக்கொண்டிருந்தது. "சாரி மேடம், மீன் வுட இன்னும் ஒரு மாசம் ஆவுமாம்" என்றாள் அங்கிருந்த பெண், மூக்கைப் பொத்தியபடி. எனக்குப் பல்வலியே மறந்துபோயிற்று.

சின்ன வயதில் நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் குப்பத்திலிருந்து ஆபீஸுக்குப் போன முதல் பெண். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பெருமைக்கு மாதம் இரண்டு டப்பா பவுடர் தீரும். அம்மா மீன் விற்பவள். அந்த வாசம் என்மேல் இருக்கிறதா என்று பஸ்ஸில்கூட முந்தானையை முகர்ந்துகொள்வேன்.

ஒரு நாள் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் கடல்மீன் தொட்டி வைத்தார். "நீதான் கடல்காரப் பொண்ணாச்சே, பாத்துக்கோ." மறுக்க முடியுமா? நைனா படகில் விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது ஒன்றுதான். அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். "கரையாண்ட தண்ணி கலீஜும்மே" என்று, படகுக்காரர்களிடம் சொல்லி நடுக்கடல் தண்ணீரைக் கேன் கேனாக வரவழைத்தாள்.

இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும், அதிலிருந்து வரும் விஷத்தைத் தின்னும் கிருமிகள் பெருகும்வரை மீன் விடக்கூடாது என்றார் தொட்டிக்காரர். தினமும் சின்னக் குழாயில் தண்ணீரெடுத்து மருந்துச் சொட்டு விடுவேன். மஞ்சள் வந்தால் மீன் விடலாம். பச்சைதான் வந்தது. உள்ளே வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள், தொட்டியை அல்ல. எழுந்து எங்கே போவது?

மூன்றாவது வாரம், முதலாளி வருகிறார் என்று மேனேஜர் ஆறு மீன் வாங்கி வந்தார்.

"சார், தண்ணி இன்னும் சரியாவல."

"நீ டைப் அடி."

அடித்தேன். பின்னால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் சத்தம். மூன்றாம் நாள் காலை ஆறும் மிதந்தன.

"உங்களுக்கெல்லாம் மீனைக் கொல்லத்தானே தெரியும்" என்றார் மேனேஜர். ஆபீஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "இன்னாமே, மீனு நல்லா கீதா?"

"கீதும்மா."

தொட்டியைத் தூக்கிப் போட்ட பிறகும் நான்கு வருஷம் அதே நாற்காலி, அதே பதில். குஞ்சு பொரித்ததாகக்கூட ஒரு முறை சொன்னேன்.

இன்று அந்த ஆபீஸ் கட்டடம் இல்லை. எங்கள் குப்பத்துக் கரையில் படகேற்ற மணல் இல்லை, கருங்கல் கொட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. ஒரு தடவை ஆபீஸுக்கு வந்து மீனைப் பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிவரை நான் கூட்டிப்போகவில்லை. தொட்டி இல்லாதது மட்டும் அதற்குக் காரணமில்லை.