செங்கல்பட்டு லாரி

அம்மா பேரம் பேசி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறாள் என்று அத்தையிடம் எப்போதும் திட்டு வாங்குகிறவள் அவள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ஒலக்கூருக்குப் பக்கத்தில் எங்கள் ஒன்றரை ஏக்கர் கொல்லையில் அந்தக் கோடைக்குத் தர்பூசணி போட்டிருந்தோம். அப்பாவுக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். திண்டிவனத்து வியாபாரி ஒருவர் கொல்லையைச் சுற்றிப் பார்த்து, கிலோ எட்டு ரூபாய் என்று அம்மாவிடம் பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார்.

வெட்டுகிற அன்று லாரியோடு வந்தார். ஆட்கள் இறங்கினார்கள். ஒரு காயைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"மார்க்கெட்டு படுத்துக்கிச்சிம்மா. நாலு ரூபான்னா ஏத்துறேன். இல்லன்னா வண்டிய திருப்பிக்கினு போறேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை. முற்றிய காய் இன்னும் இரண்டு வெயில் தாங்காது, கொடியிலேயே வெடித்துவிடும். விதைக்கும் உரத்துக்கும் அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. எனக்கே தெரிந்த விஷயம், அவருக்குத் தெரியாதா?

அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே, ஒலக்கூர்லேர்ந்து பேசுறேங்க. அன்னிக்கி கேட்டீங்களே, அந்தக் காய்தான். பேசுனவரு வாணான்றாரு... ஏழரையா? சரிங்க. செங்கல்பட்டுலேர்ந்து எவ்ளோ நேரம் ஆவும்? ஜல்தியா அனுப்புங்க, ரோட்டு மேல புள்ளைய நிக்க வெக்கிறேன்."

பிறகு ஒரு பழத்தை அறுத்து, டிரைவருக்கும் சுமை ஆட்களுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தாள்.

"சாப்ட்டுட்டு கெளம்புங்கண்ணே. லாரி வாடகை ஏறிக்கினே இருக்குது இல்ல."

வியாபாரி லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பீடி பற்ற வைத்தார், பாதியில் எறிந்தார்.

"ஆறு போட்டுக்கலாம்மா."

"ஏழுங்க. மார்க்கெட்டு எறங்குனது எனக்கும் தெரியும். ஒரு ரூபா நான் தாங்கிக்கிறேன். மீதிய நீங்க தாங்குங்க."

அவர் ஆட்களைப் பார்த்து, ஏற்றச் சொல்லிக் கையசைத்தார். எனக்கு மெய் சிலிர்த்தது. ஒரு போனில் எந்த ஊர் லாரியையும் வரவழைக்கக்கூடியவள், இத்தனை நாளும் எங்களுக்குச் சோறு வடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

பாரம் ஏற்றிய லாரி போனதும் அம்மா மோட்டார்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள். காய் தூக்கிய அசதி என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு வேறொரு கவலை.

"பாவம்மா, செங்கல்பட்டுக்காரரு. வெறும் வண்டியா திரும்பிப் போவணும்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவுரு கோச்சிக்க மாட்டாரு."

எனக்கு மனசு கேட்கவில்லை. கழித்துப் போட்டதில் நல்லதாக ஒரு பழத்தைத் தேடி எடுத்து, அவர் வந்தால் கொடுக்கலாம் என்று கதவோரம் வைத்தேன். சாயங்காலம் வரை ரோட்டில் போய் நின்றேன். லாரி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து அந்தப் பழத்தைத் தூக்கினார். "அத தொடாதீங்க. செங்கல்பட்டுக்காரருக்கு பாப்பா எடுத்து வெச்சிருக்கா" என்றாள் அம்மா, முகம் மாறாமல். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏமாந்துபோன ஒரு மனிதரை நினைத்து இப்படிச் சிரிக்கிறாரே என்று அப்பாமேல் எனக்குக் கோபமாக வந்தது.